முப்பத்தோரு பேர் பார்த்த சிவப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மணிமங்கலத்துல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அம்சவல்லி கிட்ட வாயக் குடுத்தா மீள முடியாதுன்னு. அதனால பேச்சிராஜ் கதைய நான் சொன்னா அதுல நான் பண்ண தப்பும் சேர்ந்துதான் வரும். வந்துட்டுப் போவட்டும்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பேச்சிராஜுக்கு செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. பொறவியிலயே அப்படி. பார்வையில ஒரு கொறையும் இல்ல, தூரத்துல வர்ற பஸ்ஸோட நம்பர் எனக்கு முன்னாடி அவன் படிச்சிடுவான். கலர் மட்டும்தான் கலந்துடும். அப்பேர்ப்பட்டவன் கலர் போடற வேலைக்கு, கிராபிக் டிசைனர் வேலைக்கு, எங்க கம்பெனிக்கு இண்டர்வியூ வந்தான். ரெண்டாயிரத்து நாலு, ஆடி மாசம். அந்த வேலையும் கெடைக்கலன்னா மூட்டையக் கட்டிகினு சங்கரன்கோயில் பக்கம் ஊருக்கே போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருந்தான். அன்னிக்கி காலையில இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

அப்போ எங்களுக்கு அஞ்சு கடை. நிறைகுடம் சூப்பர் மார்க்கெட்னு பேரு. ஸ்ரீபெரும்புதூர்ல ரெண்டு, சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பையில ஒண்ணொண்ணு. தண்டலத்துல ஹைவேஸ ஒட்டி குடோன். கீழ அரிசி, பருப்பு மூட்டையும் பாக்கெட் போடற செக்‌ஷனும், மேல ஆபீஸ். நான் குடோன் இன்சார்ஜ். லாரி வந்தா எறக்கறது, கடைக்கு சரக்கு பிரிச்சு அனுப்பறது, கம்ப்யூட்டர்ல ரேட் ஷீட் அடிக்கறது, எல்லாம் என் தலையிலதான். மொதலாளி பாண்டுரங்கன் சார் ஆதியில அரிசி மண்டி வச்சிருந்தவரு. இந்தப் பக்கம் கம்பெனிங்க வர வர, தெக்கத்திப் பசங்க ரூம் ரூமா வந்து தங்கத் தங்க, இவரும் கடை கடையா தொறந்துகினே போனாரு.

அந்த வருஷம் அவருக்கு ஒரு ஆசை. மொளகாத்தூள், மல்லித்தூள், மஞ்சத்தூள் மூணையும் சொந்தப் பேர்ல பாக்கெட் போடணும். அதுக்கு லேபிள் வேணும். வாராவாரம் ஆஃபர் நோட்டீஸும் வேணும். அதுவரைக்கும் சென்னையில ஒரு பிரஸ்ஸு கிட்ட குடுத்துகினு இருந்தோம். அவங்க பத்து நாள் இழுப்பாங்க, நோட்டீஸ் கைக்கு வர்றதுக்குள்ள ஆஃபர் முடிஞ்சு போயிருக்கும். நாமளே ஒரு ஆள வச்சுக்கலாம்னு சார் பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டாரு.

எனக்கு அதுல இஷ்டமே இல்ல. "படம் வரையறதுக்கு ஒரு ஆளா சார்? அதுக்கு பதிலா கீழ எனக்கு ரெண்டு லோடுமேன் குடுங்க"ன்னு சண்டை போட்டேன். சார் சிரிச்சுட்டு, "இண்டர்வியூல நீயும் கூட ஒக்காரும்மா. மொளகாத்தூள பத்தி உன்ன விட யாருக்குத் தெரியும்"னாரு. அப்படித்தான் அன்னிக்கி அந்த ரூம்ல நானும் இருந்தேன்.

வந்தது மூணு பேரு. தாம்பரத்துலேர்ந்து ஒரு தம்பி, கையில லெதர் ஃபைலு, பேச்செல்லாம் பாதி இங்கிலீஷு. ரெண்டாவது இங்க பக்கத்துல காலேஜ் முடிச்ச ஒரு பொண்ணு, அமைதியான பொண்ணு. மூணாவதுதான் பேச்சிராஜ். இருவத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லி, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை. செருப்ப ஆபீஸ் வாசல்லயே கழட்டிட்டு வந்தான். "இது இன்னா கோயிலா, போட்டுகினு வாப்பா"ன்னேன். "இருக்கட்டும்க்கா, தரை சுத்தமா இருக்கு"ன்னான்.

இதுவரைக்கும் பண்ண வேலையக் காட்டச் சொன்னாரு சார். பேச்சிராஜ் துணிப்பையிலேர்ந்து எடுத்து வச்சது அத்தனையும் மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகை, காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பிரவுசிங் சென்டர்ல ரெண்டு வருஷமா வேலை செய்யறானாம், அங்கயே கோரல் டிராங்கற டிசைன் புரோகிராம் கத்துகினானாம். அந்த சென்டர இந்த மாசத்தோட மூடறாங்க. "காதுகுத்துல மொளகாத்தூள் எங்கப்பா வருது?"ன்னு நான் கேட்டேன். சார் என்ன ஒரு பார்வை பார்த்தாரு. பேச்சிராஜ் மட்டும் கோவப்படாம, "பந்தியில வரும்க்கா"ன்னான். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிகினேன்.

அப்புறம் டெஸ்ட்டு. அன்னிக்கி காலையில அரைச்ச மொளகாத்தூள ஒரு கிலோ கண்ணாடிக் கவர்ல போட்டு டேபிள் மேல வச்சாரு சார். "இதுக்கு ஒரு லேபிள் வேணும். பின்னணி பூரா இந்தத் தூள் கலரே வரணும், பேரு வெள்ளையில வரணும். லேபிள் பளிச்சுன்னு இருந்து உள்ள தூள் மங்கலா தெரிஞ்சா, சரக்கு பழசுன்னு கஸ்டமர் கீழ வச்சிட்டுப் போயிடுவான். லேபிள் மங்கலா இருந்தா கேக்கவே வேணாம். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஆளுக்கு ஒரு மணி நேரம்"னாரு. என் கம்ப்யூட்டர்ல பண்ணணும், பக்கத்துல இருக்கற கலர் பிரிண்டர்ல எடுத்துக் காட்டணும்.

தாம்பரம் தம்பி மொதல்ல ஒக்காந்தான். சும்மா சொல்லக் கூடாது, கையில வேகம் இருந்துச்சு. பாக்கெட்டப் பார்ப்பான், ஸ்கிரீனப் பார்ப்பான், கலர கொஞ்சம் ஏத்துவான், எறக்குவான். கடைசில ஸ்கிரீன்ல அச்சு அசல் தூளேதான். பிரிண்ட் குடுத்தான். வந்தது செங்கப்பொடி. மறுபடியும் எடுத்தான், மறுபடியும் செங்கப்பொடி. பிரிண்டர் சரியில்லன்னு சொல்லிட்டு எழுந்து போனான். அப்புறம் அந்தப் பொண்ணு ஒக்காந்துச்சு. அதுவும் கண்ண சுருக்கி சுருக்கிப் பார்த்துதான் பண்ணுச்சு. ஸ்கிரீன்ல அழகா இருந்துச்சு, பேப்பர்ல பழைய வெல்லம் மாதிரி வந்துச்சு. பாவம், மொகம் சுண்டிப் போச்சு. நான் கைய கட்டிகினு, "பார்த்தீங்களா சார், டிசைனருங்க லட்சணத்த"ங்கற மாதிரி ஒக்காந்திருந்தேன்.

மூணாவதா பேச்சிராஜ். வந்தவன் கம்ப்யூட்டர் பக்கம் போவல, பிரிண்டர் பக்கம் குனிஞ்சான். மாடல் நம்பரப் பார்த்தான். "இங்க் ஒரிஜினலாக்கா, ரீஃபில்லா?"ன்னான். "நீ இன்னா டிசைன் பண்ண வந்தியா, ரிப்பேர் பண்ண வந்தியா? ஒரிஜினல்தான்"னேன். தலைய ஆட்டிட்டு ஒக்காந்தான். கட்டம் போட்டான், நிறைகுடம்னு எழுதினான், ஓரத்துல ரெண்டு மொளகா வரைஞ்சான். அப்புறம் பையிலேர்ந்து நீள நோட்டு ஒண்ணு எடுத்தான், ஒரு பக்கத்தப் பிரிச்சான், நாலு நம்பர் அடிச்சான். சைபர், எண்பத்தஞ்சு, நூறு, பதினஞ்சு. அவ்வளவுதான்.

ஸ்கிரீன்ல வந்த கலர நான் பார்த்தேன். ஃபயர் சர்வீஸ் வண்டி மாதிரி செவசெவன்னு இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல. "தம்பி, பாக்கெட்டயும் பாரு, ஸ்கிரீனயும் பாரு. ரெண்டுக்கும் ஒட்டவே இல்ல"ன்னேன். அவன் பாக்கெட்டத் திரும்பிக்கூட பாக்கல. "இருக்கட்டும்க்கா"ன்னு சொல்லிட்டு பிரிண்ட் குடுத்தான். பேப்பர் வர்ற பக்கம் கூட அவன் பாக்கல. இவனுக்கே நம்பிக்கை இல்லன்னு நெனைச்சேன்.

பேப்பர் வெளிய வந்துச்சு. நான்தான் எடுத்து டேபிள்ல போட்டு, தூள் பாக்கெட்ட அது மேல வச்சேன். வச்சுட்டு கைய எடுத்தேன். எடுத்தவ அப்படியே நின்னுட்டேன். பாக்கெட் எங்க முடியுது, பேப்பர் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. இருவது வருஷம் மொளகாயோட பொழங்கினவ நான். குண்டூர் மொளகாயா, ராமநாதபுரம் மொளகாயான்னு சாக்குப் பையோட வாயப் பிரிச்சாலே சொல்லிடுவேன். அந்த ஓரத்த என் விரலால தடவிப் பார்த்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு.

பாண்டுரங்கன் சார் பேப்பரத் தூக்கி ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சாரு. ஸ்கிரீன்ல ஒரு கலரு, பேப்பர்ல ஒரு கலரு. அவரு போய் தன் ரூம்ல இருந்த புது மானிட்டர தானே தூக்கிட்டு வந்து மாட்டினாரு. அதுல பார்த்தா பேப்பர்ல இருந்த அதே கலரு. எங்க பழைய மானிட்டர்தான் செவப்பு அடிச்சிருக்கு. எல்லாத்தையும் ஒரு படி தூக்கலா செவப்பாவே காட்டியிருக்கு. மொத ரெண்டு பேரும் நல்ல கண்ணு இருக்கறவங்க, கண்ண நம்பி அந்த செவப்பக் கொறைச்சாங்க, பேப்பர்ல கொறைஞ்சு போச்சு. அவங்க மேல தப்பே இல்ல. அந்தப் பொண்ணக் கூப்ட்டு சார் அப்புறம் நோட்டீஸ் வேலை குடுத்தாரு, அது வேற. ஆனா நாலு வருஷம் தெனமும் அந்த மானிட்டர் முன்னாடி ஒக்காந்தவ நான். ஒரு நாள் கூட எனக்குத் தெரியலயே.

சாருக்கு ஒரே சந்தோஷம். "எப்பப்பா வேலைக்கு வர்ற?"ன்னே கேட்டுட்டாரு. பேச்சிராஜ் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. அங்கதான் என் வாய் சும்மா இருக்கல.

"இருங்க சார்"னேன். "இவன் பாக்கெட்டயும் பாக்கல, ஸ்கிரீனயும் பாக்கல. நோட்டுல மொதல்லயே எழுதிகினு வந்த நம்பர அடிச்சான். மொளகாத்தூள்தான் டெஸ்ட்டுன்னு இவனுக்கு யாரு சொன்னது? இன்னாப்பா, கீழ பாக்கெட் செக்‌ஷன்ல உனக்கு யாரு வேண்டியவங்க? உண்மைய சொல்லிடு."

பேச்சிராஜ் நோட்ட மூடினான். கர்ச்சீப் எடுத்து மொகத்தத் தொடைச்சான். அவன் "பிராக்டிஸ் சார்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், சார் மேல ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாரு. அது அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.

"யாரும் சொல்லல சார்"னான். "எனக்கு செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. பாக்கெட்ட பாத்தாலும் ஒண்ணுதான், பாக்காட்டாலும் ஒண்ணுதான். அதான் பாக்கல."

பாண்டுரங்கன் சார் சேர்ல ஒக்காந்துட்டாரு. எனக்கு வாயடைச்சுப் போச்சு. என் வாழ்க்கையில அது அடிக்கடி நடக்கறதில்ல.

அப்புறம் அவனே சொன்னான், யாரையும் பாக்காம டேபிளப் பார்த்துகினு. ஐடிஐ முடிச்சிட்டு ரெண்டாயிரத்து ஒண்ணுல அவனும் அவங்க ஊர் கொம்பையாவும் ஒண்ணா ரயில் ஏறி வந்திருக்காங்க. மொத கம்பெனியில எழுத்துப் பரீட்சையில பாஸு. மெடிக்கல்ல டாக்டர் ஒரு புத்தகத்தத் தொறந்து காட்டினாராம், வட்டம் பூரா பொட்டுப் பொட்டா, நடுவுல ஒரு நம்பர். "எல்லாருக்கும் எழுவத்தி நாலுன்னு தெரிஞ்சுச்சு சார். எனக்கு இருவத்தி ஒண்ணுன்னு தெரிஞ்சுச்சு. அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். அதுவரைக்கும் எல்லாரும் என்னைய மாதிரிதான் பாக்காங்கன்னு நெனைச்சிட்டு இருந்தேன்." ரெண்டாவது கம்பெனியிலயும் அதே புத்தகம், அதே பதில். மூணாவது கம்பெனிக்கு கொம்பையா நம்பர் எல்லாத்தையும் வரிசையா எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருக்கான். அந்த டாக்டர் பின்னாடி பக்கத்துலேர்ந்து திருப்பியிருக்காரு, மனப்பாடம் பண்ணது ஒண்ணும் ஒதவல.

நாலாவதா கான்ட்ராக்ட்ல ஒரு வயரிங் கம்பெனி. அங்க மெடிக்கல் கிடையாது. வயர் கட்டு ஒவ்வொண்ணுலயும் டேக் தொங்கும், அதப் படிச்சு படிச்சு எட்டு மாசம் ஓட்டியிருக்கான். ஒரு நாள் டேக் இல்லாம ஒரு பெட்டி லைனுக்கு வந்துடுச்சு. பச்சை போட வேண்டிய எடத்துல பிரவுன் போட்டுட்டான். சூப்பர்வைசர் கண்டுபிடிச்சு அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாரு. "அவரு மேல தப்பு இல்ல சார். ஆனா அந்த எட்டு மாசம் இருக்கே, எவனாவது கூப்ட்டாலே மாட்டிக்கிட்டோம்னு நெனைப்பேன். இனிமே மறைச்சு வேலை பாக்க எனக்கு ஏலாது."

"அப்புறம் எந்த தைரியத்துல கலர் வேலைக்கு வந்த?"ன்னாரு சார். கோவமா கேக்கல. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு.

அவன் நோட்டத் தொறந்து எங்க பக்கம் தள்ளினான். நான் மொதல் பக்கத்தப் பார்த்தேன். அடுத்த பக்கம் திருப்பினேன். அப்புறம் நிறுத்தவே முடியல.

பக்கத்துக்குப் பக்கம் கலர் பேப்பர சின்னச் சின்ன சதுரமா வெட்டி ஒட்டியிருக்கான். ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு நம்பர். பிரிண்டர்ல இருக்கறது நாலே மை, நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. எந்தக் கலரா இருந்தாலும் அதுல எது எவ்வளவுங்கற கணக்குதான் அந்த நாலு நம்பருன்னு சொன்னான். நம்பருக்குக் கீழ கோடு கோடா போட்டு அஞ்சஞ்சா கட்டியிருக்கு. அது ஆளுங்க கணக்கு. சென்டர்லயும் எங்க பிரிண்டர் மாடலேதானாம், அதுல ஒவ்வொரு கலரா பிரிண்ட் எடுத்து, வெட்டி, சட்டைப் பையில போட்டுகினு ஆள் ஆளா காட்டிக் கேட்டிருக்கான். இது மொளகாத்தூள் கலரா இல்லையா? இது மாந்தளிர் கலரா, பாக்குக் கலரா? மெஸ்ல சோத்துக்கு நிக்கற வரிசையில கேட்டிருக்கான். கம்பெனி பஸ் நிக்கற எடத்துல கேட்டிருக்கான். ஷேர் ஆட்டோல கேட்டிருக்கான். ரூம்ல கூட இருந்த பசங்க அவனுக்கு கலர்னே பேரு வச்சுட்டாங்க, "ஏ கலரு, சோறு வச்சாச்சால"ன்னுதான் கூப்பிடுவாங்களாம்.

மொளகாத்தூளுக்குன்னு மட்டும் ஒரு பக்கம். பதினோரு சதுரம். பத்து மேல குறுக்க கோடு. அடிச்ச ஒவ்வொண்ணு பக்கத்துலயும் யாரு இன்னா சொன்னாங்கன்னு குட்டி எழுத்துல எழுதியிருக்கு. 'ரத்தம் மாரி கீதுப்பா, டீக்கடை அண்ணன்.' 'குங்குமம், மெஸ் அக்கா.' 'போன வருசத்துத் தூளு, கொம்பையா.' 'செங்கல், கண்டக்டர்.' கடைசி சதுரத்துல மட்டும் கோடு இல்ல. அதுக்குக் கீழ சைபர், எண்பத்தஞ்சு, நூறு, பதினஞ்சு. அதுக்கும் கீழ, 'கேட்டது முப்பத்தோரு பேர், ஆமான்னது இருவத்தேழு.'

"இந்த மாதிரி எவ்வளவு கலருப்பா?"ன்னேன். என் கொரலே எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு.

"நானூத்திப் பன்னெண்டுக்கா. ரெண்டு வருசம் ஆச்சு."

நானூத்திப் பன்னெண்டு. நான் ஒரு தடவை கண்ணத் தொறந்தா அத்தனையும் ஓசியில வந்து விழுது. இந்தப் பையன் ஒவ்வொண்ணையும் ஒவ்வொருத்தர் கிட்டயா கேட்டு, 'பைத்தியமா'ன்னு திட்டு வாங்கி, சேர்த்து வச்சிருக்கான். அவன் பாக்காத செவப்ப எனக்குக் காட்டறான், அதுவும் என் கண்ணுக்கு ஒரு பிசிறு தெரியாம. அவன் கிட்டத்தான் கீழ யாரு வேண்டியவங்கன்னு கேட்டேன். வெக்கமா இருந்துச்சு. ஆனா வெக்கத்த விட ஆச்சரியம்தான் பெருசா இருந்துச்சு, அத ஒத்துக்கணும்.

பாண்டுரங்கன் சார் யாவாரி. மனசு எளகினாலும் கை எளகாது. "தக்காளி படம் போடணும், கீரை படம் போடணும். அப்ப இன்னா பண்ணுவ?"ன்னாரு.

"படத்துல எந்த எடத்துல தொட்டாலும் நம்பர் தெரியும் சார், அத வச்சுப் பாப்பேன். சந்தேகம்னா கேப்பேன். எனக்குக் கேக்கதுக்கு வெக்கம் கெடையாது. தப்பு வந்தா அன்னைக்கே அனுப்பிருங்க."

"தப்பா இருந்தா ஐயாயிரம் லேபிள் வீணா போயிடுமேப்பா"ன்னாரு சார். பேச்சிராஜ் நோட்ட எடுத்து பையில வைக்கப் போனான். ஊருக்குப் போறதுக்கு மனச தயார் பண்றான்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு.

"சார், அவன் வழியிலயே பார்த்துடலாமே"ன்னேன் நான். "கீழ பாக்கெட் செக்‌ஷன்ல பதினாலு பேரு கீறாங்க. கேட்டுடலாம்."

மூணு பேரோட பிரிண்ட்டயும் தூக்கிகினு எறங்கினோம். பேர மறைச்சு, கலர் மட்டும் தெரியற மாதிரி மடிச்சு, மூணையும் வரிசையா ஒரு பலகை மேல வச்சேன். பக்கத்துல தூள் இல்ல, ஒண்ணும் இல்ல. "யம்மா, கைய தொடைச்சிகினு ஒவ்வொருத்தரா வாங்க. இதுல எது நம்ம மொளகாத்தூளு? பேசக் கூடாது, விரல மட்டும் வைக்கணும்"னேன். பேச்சிராஜ் மூட்டை ஓரமா போய் நின்னுகினான். அவன் நின்ன எடத்துலேர்ந்து மூணு பேப்பரும் அவனுக்கு ஒரே மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

ஒவ்வொருத்தியா வந்து வச்சாங்க. நான் பென்சில்ல கோடு போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் அவன் பேப்பர் மேலயே. பத்து தாண்டினதும் சார் என் தோள் மேல எட்டிப் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு. கடைசியா வந்தது லூர்தம்மாள். செக்‌ஷன்லயே பெரியவ, எதுக்கும் சட்டுன்னு ஒத்துக்க மாட்டா. மூணையும் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துட்டு, பேச்சிராஜோடத மட்டும் கையில வச்சுகினு, "இதாண்ட வருது. ஆனா எங்க வூட்டுத் தூளு இத விட கொஞ்சம் கருப்பா இருக்கும். நாங்க மொளகாய வறுத்துல்ல அரைப்போம்"னு சொல்லிட்டு பேப்பரக் கீழ வச்சிட்டுப் போயிட்டா. விரலே வைக்கல.

பதிமூணு.

எனக்கு ஆத்திரம், அவளும் வச்சிருந்தா இன்னா கொறைஞ்சு போச்சுன்னு. திரும்பிப் பார்த்தா பேச்சிராஜ் நோட்டத் தொறந்து, 'வறுத்த மிளகாய், இன்னும் கருப்பு, லூர்தம்மாள் அக்கா'ன்னு எழுதிகினு இருக்கான். எழுதி முடிச்சுட்டு அவகிட்டயே போய், "எவ்வளவு கருப்புக்கா, இவ்வளவா, இன்னும் கொஞ்சமா?"ன்னு கேக்கறான். வேலை கெடைக்குமா கெடைக்காதாங்கறத அந்த நிமிஷம் மறந்தே போயிட்டான். லூர்தம்மாளும் வேலைய விட்டுட்டு அவனுக்கு வெளக்க ஆரம்பிச்சுட்டா.

பாண்டுரங்கன் சார் அத கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "எனக்கு இத்தினி வருஷத்துல ஒரு கஸ்டமர இப்படிக் கேக்கணும்னு தோணலயேம்மா"ன்னாரு. அவன் தோள்ல கைய வச்சு, "ஒண்ணாந்தேதி வந்துடு. பிரஸ்ஸுக்குப் போற ஒவ்வொண்ணும் அம்சவல்லி பார்த்து கையெழுத்துப் போட்டுத்தான் போவணும். புது மானிட்டர் உனக்கு"ன்னாரு. பேச்சிராஜ் தலைய ஆட்டினான்.

மேல வந்ததும் நான் அவன் கிட்ட சொன்னேன். "தம்பி, நான் கேட்டது தப்பு. மன்னிச்சிக்கோ." அவன் பதறிப் போய், "ஐயோ அக்கா, நீங்க கேட்டதாலதான் சொன்னேன். கேக்காட்டி இன்னைக்கும் மறைச்சிருப்பேனோ என்னவோ"ன்னான். அது எனக்கு சமாதானம் சொல்றதுக்காக சொன்னானா, நெஜமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

"வூட்டுக்கு போன் பண்ணி சொல்லிடுப்பா"ன்னு சார் டேபிள் போன அவன் பக்கம் நகத்தினாரு. அவங்க வூட்ல போன் இல்ல, பக்கத்து வூட்டுக்குப் போட்டு, கூப்பிடச் சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் போட்டான். அவங்கம்மா பேரு மாடத்தி. தூரத்து போன்னா கத்திப் பேசணும்னு நெனைக்கற ஆளு போல, அந்தம்மா பேசினது ரூம்ல இருந்த எங்க எல்லாருக்குமே கேட்டுச்சு.

"என்ன ராசா, சோறு தின்னியா?"

"தின்னேம்மா. வேலை கெடைச்சிருச்சு."

"என்ன வேலை?"

"கலர் வேலைம்மா. மசாலா பாக்கெட்டுக்குக் கலர் போடுதது."

அந்தம்மா கொரலத் தாழ்த்தி, ஆனாலும் எங்களுக்குக் கேக்கற மாதிரியே, "ஏ ராசா, மறுபடியும் மறைச்சிட்டியா?"ன்னு கேட்டாங்க.

"இல்லம்மா. சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சொல்லியுமா எடுத்தாவ?"

அவன் வாயத் தொறந்தான். ஒதடு துடிச்சுதே தவிர ஒரு வார்த்தை வரல. அந்தப் பக்கம் அந்தம்மா, "ராசா, ராசா"ன்னு கூப்பிட்டுகினே இருக்காங்க. நான் கைய நீட்டி ரிசீவர வாங்கினேன்.

"ஆமாம்மா"ன்னேன். "சொன்ன அப்புறந்தான் எடுத்தோம்."